நெத்திலிக் கருவாட்டைத் தாளில் சுற்றுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் செமோரில் உங்கள் மகள் பமேலா நலமே. அங்கே பாகான் செராயில் மழை விட்டதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தொழிற்சாலையில் பல்சக்கரத்துக்கு ஒரு பிளாஸ்டிக், தண்ணீர்க் குழாய்க்கு வேறொரு பிளாஸ்டிக். இரண்டுமே பார்க்க ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள்தான். ஆனால் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். போன வாரம் முந்தைய ஷிப்ட் ஆள் பல்சக்கர மணிகளை மெஷினில் மிச்சம் விட்டுப் போயிருக்கிறார். தெரியாமல் நான் குழாய் மணிகளைக் கொட்டினேன். மெஷின் டப்பென்று வெடித்துப் புகையைக் கக்கியது. கூட வேலை செய்யும் சுகுமாரன் அண்ணன்தான் என்னை வெளியே இழுத்தார்.

"இங்க மூக்குதான் அலாரம்லா, தங்கச்சி. நெடி அடிச்சா உடனே ஓடிரு," என்றார்.

கண் எரிச்சல் அன்றே போய்விட்டது, பயப்படாதீர்கள்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள் அம்மா. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வாசனை வராது, தாளில் சுற்றுங்கள். உங்கள் தலையணை உறையைக் கொண்டுவந்தேனே, அதில் உங்கள் வாசனையே இல்லை. துவைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். துவைக்கவில்லை. காப்பியும் மணக்கவில்லை, தைலமும் மணக்கவில்லை. கருவாடாவது மணக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வேலை போய்விடும்.

வேன் வந்துவிட்டது. இன்றும் அதே மெஷின்தான் அம்மா. சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள்
பமேலா