இடது கைத் தழும்பு

ஜூலை 12, வெள்ளி.

இன்றும் யாழினி இடது கையால்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். இரண்டாம் வகுப்பு வந்தும் மாறவில்லையே என்ற எரிச்சலில் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்தேன். அழுதாள்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். பென்சிலை இடது கையில் வாங்கி அவள் பெயரை எழுதினார். அச்சடித்த மாதிரி எழுத்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கையால் அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை.

“நீங்களும் பீச்சாங்கைதானா?”

“எங்கூட்ல மாத்திட்டாங்க,” என்று புறங்கையைக் காட்டினார். மைன்ஸில் சுட்டுக்கொண்டதாக என்னிடம் சொல்லியிருந்த தழும்பு. “கரண்டியக் காய வெச்சி சூடு இழுத்தாங்க. அப்ப எனக்கு இவ வயசு.”

இப்போது போய்த் தூங்கும் யாழினியின் கையைப் பார்த்தேன். என் நகம் பட்ட இடம் இன்னும் சிவந்திருக்கிறது.