மஞ்சள் சட்டைகளும் ஓர் ஊக்கு டப்பாவும்

ஜூன் 2, திங்கள்

சாயத்துக்கு மாதுளைத் தோல் மூன்று மூட்டை வந்தது. ஜூஸ் கடைக்காரர் வழக்கம்போல் ஒன்றில் சாத்துக்குடித் தோலையும் திணித்திருக்கிறார். கேட்டால், "எல்லாம் தோலுதானேம்மா" என்பார். உட்கார்ந்து பொறுக்கினேன்.

டெய்லர் அக்கா இன்று பேச்சை எடுத்துவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெடிமேட் தொழிற்சாலையில் கூப்பிடுகிறார்களாம். "மாசம் பொறந்தா சம்பளம். வேன் நம்ம தெருமுனைக்கே வருது. உன்கிட்ட வேலை வந்தா உண்டு, வராட்டி இல்ல. நான் என்ன பண்றது, சொல்லு."

இந்த மாதக் கடைசி வரை பொறுங்கள் என்றேன். "பார்க்கிறேன்" என்றார். அக்காவின் 'பார்க்கிறேன்' எனக்குப் பழக்கம்தான். 'முடியாது' என்பதை அவர் மரியாதையாகச் சொல்லும் விதம் அது.

எல்லாம் டவுனில் இருக்கிற பெரிய துணிக்கடையின் கையில் இருக்கிறது. கடைக்கார அம்மா அறுபது சட்டை கேட்டிருக்கிறார். நன்றாகப் போனால் வருடம் முழுக்க எங்கள் துணிக்கென்று அங்கே ஓர் அலமாரித் தட்டு. அப்புறம் அக்காவுக்கு நானும் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கலாம். போகாவிட்டால் அக்கா வேன் ஏறிவிடுவார். கைத்தறித் துணியைத் துண்டு மிச்சம் விழாமல் வெட்ட எனக்கு வேறு ஆள் கிடையாது. நான் வெட்டினால் பாதித் துணி தரையில் கிடக்கும். அவர் இல்லாவிட்டால் என் கம்பெனி வெறும் பெயர்ப்பலகை.

போக விடமாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

விலைச்சீட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் கொக்கியைப் பார்த்தாலே எரிச்சல். சட்டை கிழிந்து மண்ணோடு மண்ணான பிறகும் அது அப்படியே கிடக்கும். இன்று நாலு கடை ஏறி இறங்கி இரும்பு ஊக்கு வாங்கினேன். பளபளப்பு முலாம் கூட வேண்டாம், அதுவும் ரசாயனம்தான், வெறும் இரும்பு கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்காரர் இரவு சாப்பிடும்போது, "உன் கொள்கைக்கு விடுமுறையே கிடையாதா?" என்றார். கிடையாது. பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

மழை. அறுபதும் தைத்து, மடித்து, சீட்டுக் குத்தி, அடுக்கியாயிற்று. அறையில் சுவர்கூட ஈரம்.

ஜூன் 12, வியாழன்

போச்சு.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஒரு சட்டையைப் படம் எடுக்கலாம் என்று பிரித்தேன். இடது கை மடிப்புக்கு மேலே, ஊக்கு நுழைந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி, வெளியே வந்த இடத்தில் ஒன்று. நடுவில் சாம்பலாக ஒரு கோடு. பாம்பு கடித்த மாதிரி. அடுத்ததைப் பிரித்தேன். அதற்கடுத்தது. அறுபதும்.

மாதுளைத் தோல் சாயத்தில் இரும்பு பட்டால் கறுக்கும். எங்களுக்குத் தெரியாத விஷயமா? இந்தச் சட்டைகளின் ஓரத்தில் ஓடும் கறுப்புக் கரையே அப்படி வந்ததுதான். பழைய ஆணிகளை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, அந்தக் கருந்தண்ணீரில் மர அச்சைத் தோய்த்து அடிக்கிறோம். அந்தப் பானை என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது, நாற்றம் தாங்காமல் தினமும் திட்டுகிறேன். ஆனால் ஊக்கும் இரும்புதான் என்று தோன்றவில்லை. வாங்கியது நான். குத்தியது அக்கா. டப்பாவைத் திறந்து கொடுத்தது எங்கள் சாயக்காரர், அவுரியில் ஊறி முழங்கைவரை நீலமாகிப்போன நீலக்கை அண்ணன். மூன்று பேர் மூளையும் எங்கே போயிருந்தது?

அக்கா ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அப்புறம் சொன்னார்: "ரூம் முழுக்க நூல் கிடக்கு. நூல்ல கட்டலாம்னு ஒருத்தருக்கும் தோணலையே."

முதலில் சிரித்தேன். அடக்கவே முடியவில்லை. பிறகு அழுதேன். அதையும் அடக்க முடியவில்லை.

ஜூன் 14, சனி

ஒரு சட்டையில் மட்டும் எலுமிச்சம்பழச் சாறு தேய்த்துப் பார்த்தோம். புள்ளி போனது. மஞ்சளும் சேர்ந்து போனது. இப்போது கறுப்புக்குப் பதில் வெள்ளை.

இவர் யோசனை சொன்னார். "கைவேலைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்னு சொல்லிடு. உங்க ஆளுங்க எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க."

சொல்கிறார்கள், தெரியும். சாயம் போனாலும் கைவேலை, கை ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றாலும் கைவேலை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது கைவேலை இல்லை, என் கவனக்குறைவு. அதற்குக் கைவேலை என்று பெயர் வைத்தால், நாளைக்கு அக்காவின் நேரான தையலைக் காட்டி எந்த வாயால் பேசுவேன்? கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

ஜூன் 16, திங்கள்

கடைக்கார அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, "அறுபதுமா?" என்றார். ஆமாம். "ஒரே இடத்திலயா?" ஆமாம். "சனிக்கிழமைக்குள்ள என்ன பண்ண முடியுமோ பண்ணிக் கொண்டு வாங்க. பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும்.

ஜூன் 17, செவ்வாய்

என் யோசனை இது. இரும்பு போட்ட புள்ளியை இரும்பாலேயே முடிப்பது. அந்த இரண்டு புள்ளியையும் சேர்த்து, கோட்டின் மேலேயே, கருந்தண்ணீரில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு வரிசை. கரையின் கறுப்பும் அந்தக் கறுப்பும் ஒன்றுதான், ஒட்டிப்போகும்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "கறைய மறைக்க இன்னும் கறையா? என் சட்டைய கெடுக்காத." என் சட்டை என்றார். இந்த மாதம் முழுக்க நான் கேட்ட வார்த்தைகளில் அதுதான் நல்ல வார்த்தை.

எலுமிச்சை பட்டுக் கெட்டுப்போன சட்டையில் முயன்றேன். தண்ணீர் பரவி ஈ மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. நீலக்கை அண்ணன் கருந்தண்ணீரில் மாவு கலந்து இறுக்கினார். பென்சிலின் பின்பக்கத்தால் வைத்தேன். வரிசை கோணல். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினார்.

அவர் வைத்தார். தையல் போலவே நேராக வந்தது.

ஜூன் 19, வியாழன்

ஐம்பத்தொன்பதும் முடிந்து, அலசி, காய்ந்துகொண்டிருக்கின்றன. அக்கா ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "ரெண்டு இருந்தா பாம்புக்கடி. வரிசையா இருந்தா வேலைப்பாடு." அவரே சிரித்துக்கொண்டார்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அக்கா எட்டிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூன் 21, சனி

சரிசெய்த ஐம்பத்தொன்பதையும், எலுமிச்சை தேய்த்த அந்த ஒன்றையும் எடுத்துப் போனேன். கடைக்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா எதுக்குப் போட்டதுன்னு யாராவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்லவே வேணாம். சீட்டுலயே எழுதியிருக்கேன்."

வாங்கிப் படித்தார். 'இந்தச் சட்டையில் இரும்பு ஊக்குக் குத்திக் கறையாக்கியது நாங்கள். அதைப் புள்ளிவரிசையாக்கியதும் நாங்கள்தான். இப்போது சீட்டை நூலில் கட்டுகிறோம்.' உதட்டோரமாகச் சிரித்தார். பாதியைத்தான் தட்டில் வைத்தார். மீதி மூட்டையோடு வீட்டுக்கு வந்தேன். இவர் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார்.

ஜூன் 26, வியாழன்

போன் வரவில்லை. அடுத்த தொட்டிக்குத் தோல் ஊறப்போட்டேன். வருகிறதோ இல்லையோ, தோல் ஊறத்தான் வேண்டும்.

ஜூன் 28, சனி

வந்தது. மீதியையும் அனுப்பச் சொன்னார். வாங்கினவர்கள் சீட்டைச் சத்தமாகப் படித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுகிறார்களாம். தட்டு எங்களுக்குத்தான், வருடம் முழுக்க. ஒரு நிபந்தனை: "அடுத்த தடவை கறை வேணாம், புள்ளி மட்டும் வரட்டும்."

ஜூன் 30, திங்கள்

அக்காவிடம் சொன்னேன். நாளையிலிருந்து மாதச் சம்பளம், விடுமுறை நாளுக்கும் உண்டு. நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், இரண்டுதான் வந்தது. அக்கா பாபினில் நூல் சுற்றிக்கொண்டே, "பார்க்கிறேன்" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

வழக்கத்தைவிட முன்னாலேயே பட்டறையைத் திறக்கப் போனேன். அக்கா எனக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றிருந்தார், கையில் அவருடைய சொந்தக் கத்தரி. துணியை மேசையில் விரித்தார், கோடு போட்டார், வெட்ட ஆரம்பித்தார்.

தெருமுனையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. நிறுத்தி, மறுபடி அடித்தது. யாருக்கோ காத்திருந்தது.

அக்கா தலை நிமிரவில்லை. "என்ன சத்தம் இது. அந்த ஜன்னலச் சாத்து."

சாத்தினேன்.