தாரை வார்க்கும் தீர்மானம்

நவம்பர் 9, ஞாயிறு

மந்தைவெளி அலுவலகத்தில் செயற்குழு. முதல் ஒரு மணி நேரம் டீயா காபியா என்பதில் போயிற்று. தன்னுரிமைக் கட்சியில் யார் மீதும் எதையும் திணிக்கக் கூடாது என்பதால் கடைசியில் ஆளுக்கொரு தினுசாக வாங்கி வந்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. தலைவரான நான் எந்தப் பக்கம் என்று தெரியாததால் யாரும் வாங்கவில்லையாம்.

அப்புறம் பிளாட்பாரக் கடைகள் பற்றிய நிலைப்பாடு. பிளாட்பாரத்தில் யாரும் விற்கலாம் என்கிறது கட்சியின் சந்தை அணி. யாரும் நடக்கலாம் என்கிறது சமூக அணி. நான் தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருப்பவன். என் கடை வாசலில் இரண்டும் ஒரே நேரத்தில் இடித்துக்கொண்டு நடக்கிறது, எங்கள் தீர்மானத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. விஷயம் மறுபடியும் ஒத்திவைப்பு.

இரண்டு அணியும் என்னைத் தலைவராக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், இரண்டுக்கும் என்னைச் சமமாகப் பிடிக்காது என்பதுதான்.

நவம்பர் 12

மகள் சரண்யாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. அவளே பார்த்துக்கொண்டாள்.

எந்தச் சாதிப் பையனை, எந்த மதத்துப் பையனை அழைத்து வந்தாலும் வாசலில் நின்று வரவேற்பதற்கு நான் பல வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒரு சின்ன உரைகூடத் தயார். அவள் எங்கள் சாதி மேட்ரிமோனியில் பதிந்து, ஜாதகம் பார்த்து, எட்டுப் பொருத்தம் என்று சொல்லி, எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பெயர் சக்திவேல். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பிரச்சினை.

என் மனைவி தங்கபுஷ்பம் சிரிக்கிறாள். "என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய? ஊர்ல எல்லாரும் பிள்ள ஓடிப்போச்சுன்னு அழுதாவ. நாம ஓடிப்போகலன்னு அழணுமாக்கும்?"

நவம்பர் 16, ஞாயிறு

எழுதவே சங்கடமாக இருக்கிறது.

காலையில் சரண்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணம் நம் முறைப்படி நடக்க வேண்டுமாம். நான் அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டுமாம். "நீ என்ன பாத்திரமா, எடுத்துக் கொடுக்கறதுக்கு?" என்றேன். கட்சி மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். அவள் தட்டவில்லை.

"அப்பா, எனக்கு எல்லாத்துக்கும் 'உன் இஷ்டம்'னுதான் சொல்லியிருக்கீங்க. எந்த குரூப் எடுக்கன்னு கேட்டேன், உன் இஷ்டம். பெங்களூர்ல வேலைன்னேன், உன் இஷ்டம். பஸ் ஏத்திவிடக்கூட வரல, தனியாப் போறது என் உரிமைன்னீங்க. தாரை வார்க்கறப்ப அப்பாங்க கைய விட மனசில்லாம நிப்பாங்க, நான் எத்தனை கல்யாணத்துல பாத்திருக்கேன். எனக்கும் ஒரு தடவ அப்படி நில்லுங்கப்பா. அவ்ளோதான்."

பழக்கதோஷத்தில் வாய் "உன் இஷ்டம்மா" என்றது. நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

இதில் ஒரு சிக்கல். போன வருஷம் ஒரு தீர்மானம் போட்டோம். 'மனிதர் யாரும் யாருக்கும் தரத்தக்க பொருளல்லர். பெண்ணைத் தாரை வார்க்கும் சடங்கைக் கட்சிப் பொறுப்பாளர் எவரும் செய்யலாகாது.' கட்சி வரலாற்றில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம். முன்மொழிந்தவன் நான். அதற்கு முந்தைய வருஷத் தீர்மானம்: 'வயது வந்தோர் தேர்வில் குடும்பத்தார் குறுக்கிடலாகாது.' அதையும் நான்தான் எழுதினேன். சடங்கைச் செய்தால் ஒன்றை மீறுகிறேன், செய்யாவிட்டால் மற்றதை.

கட்சியிடம் கேட்காமலே செய்துவிட்டால் என்ன? முப்பத்து நாலு பேர் கட்சி. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நான் வாயைத் திறந்தால் உட்கார்ந்து கேட்கிறவர்கள் உலகத்தில் அந்த முப்பத்து நாலு பேர்தான். அவர்களை இழக்கப் பயமாக இருக்கிறது. கொள்கை, கொள்கை என்று எவ்வளவு சுற்றி எழுதினாலும் விஷயம் இதுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

சிறப்புச் செயற்குழு. ஒரே பொருள்: தலைவர் மகள் திருமணம்.

சந்தை அணித் தலைவர் சுப்பராயன் ஓய்வுபெற்ற ஆடிட்டர், மயிலாப்பூர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "சிதம்பரநாதன், நிதானமா யோசிச்சுப் பாருங்கோ. பொண்ணு உங்க சொத்து இல்லேங்கறது நம்ம கொள்கை. சொத்தே இல்லாததை எப்படி தானம் பண்ண முடியும்? அது செல்லாது. செல்லாத காரியத்தைப் பண்ணினா என்ன தப்பு? ஒரு சொம்பு ஜலம் செலவு, அவ்ளோதான்."

சமூக அணியின் வசந்தி மேடம், அடையாறு, முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவர். "செல்லாத நோட்டைக் கொடுத்தாலும் அது ஏமாத்துறதுதான் ஆடிட்டர் சார்" என்றார்.

இரண்டு பக்கமும் கைதட்டல். இரண்டுக்கும் நானும் தட்டினேன்.

மூன்றாவதாக மைய அணி. அதில் ஜான் ஒருவன்தான். சாந்தோம் பக்கம் படகு இன்ஜின் மெக்கானிக். சில நாள் அந்த ஒற்றை ஆள் அணியிலும் பிளவு வரும். "இன்னா தலைவரே, பந்தி கீதா இல்லியா? அத்த மொதல்ல சொல்லு. கேட்டுக்கினு ஓட்டு போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்."

முடிவு: மூன்று பேர் கொண்ட துணைக்குழு.

டிசம்பர் 2

துணைக்குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இரண்டு அறிக்கை வருமாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

இரண்டு அறிக்கை இல்லை, மூன்று.

வசந்தி மேடத்தின் திருத்தம்: பெண்ணைத் தாரை வார்த்தால் மாப்பிள்ளையையும் வார்க்க வேண்டும். சமத்துவம். சந்தை அணி துள்ளிக் குதித்து ஆதரித்தது. இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கினால் அது தானமல்ல, சுதந்திர வணிகம் என்றார்கள். அதைக் கேட்டதும் வசந்தி மேடம் தன் திருத்தத்தைத் தானே எதிர்த்தார். ஜான் கேட்டான்: "ரெண்டு பேரையும் குடுத்துட்டா, யாரு ஊட்டுக்கு யாரு போறது?" இதற்கு மட்டும் யாரிடமும் நிலைப்பாடு இல்லை.

சுப்பராயனின் மாற்று: தானம் என்று சொல்லாமல் ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாடகை மாதிரி பதினோரு மாசம், அப்புறம் இரண்டு தரப்பும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம். "அட்வான்ஸ் எவ்ளோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. என் பிள்ளையைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருக்கிறார்கள்? நான்தானே பேசவிட்டேன்?

டிசம்பர் 11

சரண்யா பெங்களூரிலிருந்து போன். "அப்பா, மேடையில யாரு உக்காருவாங்கன்னு ஐயர் கேக்கறார். நீங்களும் அம்மாவும்தானே?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேம்மா."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"கூட்டம் இருக்கு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "சரிப்பா" என்றாள்.

தங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பெத்த பிள்ள கையப் புடிக்கதுக்கு முப்பத்து நாலு பேர்ட்ட கேக்கணுமோ? நல்லா இருக்கு உங்க சுதந்திரம்." அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாமலிருக்கும் உரிமையையும் நான் ஒரு தீர்மானத்தில் ஆதரித்திருக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கூட்டம் நடக்கவில்லை. கச்சேரி சீசன். சந்தை அணியில் பாதிப் பேர் சபா கேன்டீனில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் நடத்த வேண்டிய ஆள் எண்ணிக்கை சேரவில்லை. கோரம் இல்லை.

டிசம்பர் 28

இன்றும் கோரம் இல்லை. வசந்தி மேடம் ஊட்டி. ஐயருக்கு என்ன சொல்வது?

ஜனவரி 4, ஞாயிறு

துணிந்துவிட்டேன். தலைவர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்தேன். பதவி இல்லாவிட்டால் பொறுப்பாளர் இல்லை, பொறுப்பாளர் இல்லாவிட்டால் தடை இல்லை. பெண் கையைப் பிடித்துக்கொண்டு நான் பாட்டுக்கு நிற்பேன்.

நானா இவ்வளவு தைரியசாலி என்று எனக்கே ஆச்சரியம். அது பத்து நிமிஷம்தான் நிலைத்தது. விலகுவது தனிமனித உரிமை என்றார் சுப்பராயன். கொள்கையிலிருந்து தப்பிக்க விலகினால் நாளைக்கு எல்லாரும் விலகுவார்கள் என்றார் வசந்தி மேடம். ஓட்டெடுப்பு சமமாக நின்றது. ஜான் வரவில்லை, அன்றைக்கு யாருடைய படகோ நடுக்கடலில் நின்றுவிட்டது. ராஜினாமா ஏற்கப்படவுமில்லை, நிராகரிக்கப்படவுமில்லை. கடிதத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே எழுந்து போயிருக்கலாம். போ போ என்று கால் சொல்லிற்று. அடுத்த பொருள் என்ன என்று வாய் கேட்டது.

ஜனவரி 18, ஞாயிறு

என் விஷயம் ஓட்டுக்கு வந்தது. எட்டுக்கு எட்டு. எல்லாரும் ஜானைப் பார்த்தார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "தலைவரு மூஞ்சப் பாருங்கடா, பாவமா கீது" என்று சொல்லிவிட்டுக் கை தூக்கினான்.

'தலைவர் தம் மகள் திருமணத்தில் மனசாட்சிப்படி நடந்துகொள்ளலாம்.' இதைச் சொல்ல இரண்டு மாசம். பரவாயில்லை. தீர்மானத்தின் நகலை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, அடையாறுக்குப் போகும் வசந்தி மேடத்துக்குக்கூட வழி விடாமல் படியிறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவரிடம் பேரம் பேசவில்லை. அவரே பயந்துபோய்க் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

வீட்டில் அண்ணன். தூத்துக்குடியிலிருந்து காலை ரயிலில் வந்திருக்கிறார். கதிரேசன் அண்ணனுக்கு ஆண்பிள்ளைகள்தான், பெண் கிடையாது. புதுப் பட்டு வேட்டியை இடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. உன் கொள்கை உனக்கு. பிள்ள எல்லாஞ் சொன்னா. நானும் உன் மதினியும் மேடையில இருந்து செஞ்சு குடுத்திருதோம்."

லீவில் வந்திருந்த சரண்யா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஐயர் பேரு கேட்டுட்டே இருந்தார்ப்பா. உங்களை எதுக்குக் கட்டாயப்படுத்தணும்? பெரியப்பாட்ட போன்ல கேட்டேன். கேட்ட ஒடனே அழுதுட்டார்."

கேட்ட உடனே.

"நான் செய்றேம்மா" என்றேன். "இன்னிக்குச் சரின்னு சொல்லிட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள், கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்ப பெரியப்பாட்ட போய் வேணாம்னு எப்படிப்பா சொல்றது?" என்று மெல்லக் கேட்டாள். அண்ணன் அந்தப் பக்கம் வேட்டிக் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. மடத்தனம், மடத்தனம். எனக்கு எவன் அனுமதி தரணும்? எவன்கிட்டடா போய்க் கேட்டேன்?

ஜனவரி 28, புதன்

கே.கே. நகர் மண்டபம். கட்சி முழுக்க வந்திருந்தது. யாரும் சொல்லாமலே சந்தை அணி இடது பக்கமும் சமூக அணி வலது பக்கமும் உட்கார்ந்தது. ஜான் நேராகப் பந்திக்குப் போனான்.

தாரை வார்க்கும் நேரத்தில் நான் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் நின்றேன். மாப்பிள்ளையின் அத்தை போட்டோ எடுக்க மேலே போகும்போது தன் ஹேண்ட்பேக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சரண்யாவின் கையைப் பிடித்தார். மதினி தண்ணீர் ஊற்றினார். மந்திரம் முடிந்த பிறகும் அண்ணன் கையை விடவில்லை. "பெரியவரே, விடுங்கோ, முகூர்த்தம் தாண்டிடும்" என்றார் ஐயர். மண்டபமே சிரித்தது. சரண்யாவும் சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். பொய் இல்லை. பக்கத்தில் நின்ற தங்கம் என் முழங்கையைப் பிடித்தாள். டிசம்பருக்குப் பிறகு இன்றுதான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

செயற்குழு. பிளாட்பாரக் கடை விஷயத்துக்கு முன்னால் ஓர் அவசரத் தீர்மானம் என்றார் சுப்பராயன். முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவர் வசந்தி மேடம். இப்படி ஒரு நாள் வருமென்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

'முழு அனுமதி இருந்தும், தம் சொந்த மகளின் திருமணத்திலும் தாரை வார்க்க மறுத்து, கொள்கையில் உறுதியாக நின்ற நம் தலைவரை இச்செயற்குழு மனமாரப் பாராட்டுகிறது.'

வசந்தி மேடத்தின் கண்கள் கலங்கியிருந்தன. "உங்களால எங்க எல்லாருக்கும் பெருமை சார்" என்றார்.

ஆதரிப்பவர்கள் என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது. எதிர்ப்பவர்கள் என்றேன். என் கையைத் தூக்கினேன்.

"தலைவரே, இன்னா இது? உன்னத்தான் பாராட்டுறாங்கோ" என்றான் ஜான்.

"நான் மறுக்கல ஜான். எனக்குக் குடுக்க ஆசையா இருந்துச்சு. உங்களையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்ததுல போச்சு."

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "இதையும் மினிட்ஸ்ல எழுதணுமோ?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

ஆதரவு பதினேழு, எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. தலைவர் என்று போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.