மைக்கில் கேட்ட மொய்

ஜூன் 12

எங்கள் இணையதளத்தின் விளம்பரக் கணக்கு நிறுத்தப்பட்டது. ஆதாரம், விளம்பர நிறுவனத்திடமிருந்து இன்று காலை தனப்பிரியாவுக்கு வந்த மின்னஞ்சல். அவள் கைபேசியிலேயே இருமுறை படித்தேன். தொட்டால் எங்களுக்குக் காசு வரும் என்பதற்காகவே விளம்பரங்களை யாரோ திட்டமிட்டுத் தொட்டிருக்கிறார்களாம். மேல்முறையீடு ஒரே ஒரு தடவை செய்யலாம்.

மோகனூர் வட்டாரத்துக்காக நாங்கள் ஐந்து பேர் சம்பளமில்லாமல் நடத்தும் தளம். ஆற்றில் தண்ணீர் திறப்பு, ரத்தம் கொடுப்போர், பஸ் நேரம், சாவுச் செய்தி. நான் செய்தி எழுதுகிறேன். லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு பார்க்கும் தனப்பிரியா விளம்பரத்தைக் கவனிக்கிறாள். சர்வர் வாடகை அதிலிருந்துதான். ஜூலைக் கடைசிக்குள் கட்டாவிட்டால் தளம் இருக்காது.

கடன் ஆப், சூதாட்டம், சர்க்கரையை ஒழிக்கும் பொடி – இவற்றை உள்ளே விடவே மாட்டாள். சாவுச் செய்திப் பக்கத்தில் விளம்பரமே கூடாது என்பாள். அதிகம் பேர் படிப்பது அந்தப் பக்கம்தான். இவள் மேலா மோசடிப் புகார்?

ஜூன் 13

காரணம் தெரிந்துவிட்டது. எட்டாம் தேதி மணியன் மகள் கல்யாணம். மணியன் எங்கள் ஐவரில் ஒருவர். ஆற்று நீர்மட்டம் எழுதுகிறவர். மண்டபத்தில் மைக்கைப் பிடித்தார்: "மொய் வேண்டாமுங்க. எல்லாரும் செல்லை எடுத்து நம்ம தளத்தைத் தொறந்து, அதுல வர்ற விளம்பரத்தைத் தொடுங்க. அதுதான் எம்புள்ளைக்கு மொய்."

பந்தியில் இலை போடுவதற்குள் மண்டபமே தொட்டது. "நான் பத்து மொய் வெச்சுட்டனுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். சிரித்தோம். என்ன பண்ணித் தொலைத்தோம்! தனப்பிரியா அன்று மேச்சேரியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பாள்.

ஜூன் 14

தளத்தை அமைத்துக் கொடுத்த ஜெகதீஸ்வரன் போனில் யோசனை சொன்னான். "ஏதோ ரோபோ பூந்துருச்சுன்னு எழுதிப் போடுங்கக்கா. கல்யாணம், மொய்யின்னா அவியளுக்கு என்ன வெளங்கும்?"

"ரோபோ எங்கடா பந்தியில உக்காந்துச்சு?" என்றாள் தனப்பிரியா.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உண்மையை எழுதினால், நாங்களே தூண்டினோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கணக்கு அவள் பெயரில்; நிறுவனம் மேல்முறையீட்டை மறுத்துவிட்டால் இனி எந்தத் தளத்துக்கும் அவளால் விளம்பரம் வாங்க முடியாது.

ஜூன் 15

தனப்பிரியா போனை எடுக்கவில்லை.

ஜூன் 16

மேல்முறையீட்டை எழுதிக்கொண்டு வந்தாள். என்றைக்கு, எந்த மண்டபம், மைக்கில் என்ன சொல்லப்பட்டது – எல்லாம் வரிசையாக. மொய்க்கு அவள் தந்த விளக்கம்: "கல்யாண வீட்டுக்கு ஊரார் கொடுக்கும் கைத்தாங்கல். அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாங்கள் திருப்பிச் செய்வோம். அன்று தொட்டவர்கள் இதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. உதவி என்றே நினைத்தார்கள்." விளம்பரம் கொடுத்தவர்களுக்கு அன்றைய பணத்தைத் திருப்பிவிடும்படி அவளாகவே கேட்டிருந்தாள். மணியன் பெயர் மட்டும் இல்லை. "எங்கள் தன்னார்வலர் ஒருவர்".

காலமெல்லாம் பிறர் எழுதியதை வெட்டிப் பழகியவன் நான். இதில் ஒரு சொல்லில் கைவைக்க மனம் வரவில்லை.

மணியனும் வந்தார். படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எம்பேரை எழுது அம்மிணி."

"உங்களுக்கு எதுக்குங்க மாமா சங்கடம்?"

"மைக்குல சொன்னதுதான? ஊருக்கே தெரியும். அவியளுக்குத் தெரிஞ்சா என்ன கெட்டுப்போச்சு?"

எழுதினாள். அனுப்பிவிட்டாள்.

ஜூன் 25

பதில் இல்லை. கல்யாணத்துக்கு வந்த வீடுகளுக்கெல்லாம் மணியன் போய், இனிமேல் சும்மா தொடாதீர்கள் என்று சொல்லி வருகிறார். பக்கத்துத் தெரு மஞ்சுளா வீட்டில், "ஏனுங்க மாமா, வெச்ச மொய்யைத் திருப்பி எடுத்துக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்களாம். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு.

ஜூலை 3

கணக்கைத் திறந்துவிட்டார்கள். தனப்பிரியா மின்னஞ்சலை அனுப்பியிருந்தாள். படித்து உறுதி செய்துகொண்டேன். அன்றைய வருமானம் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே போகிறது. இப்போதைக்குக் குறைந்த அளவில்தான் விளம்பரம் வரும். முழுமையாக விடுவது பற்றி ஆகஸ்ட் முதல் வாரத்தில் முடிவு சொல்வார்கள்.

அதுவரை சர்வர் வாடகைக்குத் தவணை கேட்டிருக்கிறாள். எதனால் தாமதம் என்று சர்வர் நிறுவனம் கேட்டதாம். கல்யாணத்திலிருந்து தொடங்கி, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பியிருக்கிறாள். திங்கட்கிழமை பதில் வரும்.