நடுவில் விடுபட்ட சொந்தக்காரர்

ஐப்பசி 20, வியாழன். கடலூர்.

பழைய ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் யார் யார் கைக்கு மாறி வந்தன என்று தேடிச் சொல்வது என் வேலை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிச் சரிசெய்த காருக்கு, நடுவில் ஒரு சொந்தக்காரர் மட்டும் கிடைக்காமலே இருந்தார். அவராக இருக்கலாம் என்று தோன்றிய ஒருவரின் மகள் சிதம்பரத்தில் இருப்பதாகத் தெரிந்து இன்று போனேன். ரிட்டயர்டு டீச்சர். பெயர் ஸ்டெல்லா.

அவருடைய அண்ணன் அந்தக் காரை ஓட்டும்போதுதான் இறந்தார் என்பது எனக்குத் தெரியாது. செல்போனில் படத்தைக் காட்டிவிட்டேன்.

"இது எப்படி இன்னும் இருக்கு? அண்ணன் போனதும் ஒடச்சு இரும்புக்குப் போட்டுட்டேன்னு அப்பா சொன்னாங்களே!"

அப்பா அதை விற்றிருக்கிறார். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ சின்ன எடத்துலயா உக்காந்திருந்தான்?"

அழுதார். பிறகு, "அப்பா மேல கோவம் வரல தம்பி. ஒடைக்க அவுங்களுக்கு மனசு வந்திருக்காது" என்றார்.

கிளம்பும்போது கேட் வரை வந்தார்.

"இப்ப வச்சிருக்கவரு சின்ன வயசா?"

"முப்பது இருக்கும்மா."

"வேகமா ஓட்ட வேணாம்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார். விடுபட்ட சொந்தக்காரர் யாரென்று உறுதியாகிவிட்டது என்றதும் ஏக சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை காரை டிராக்கில் இறக்கப் போகிறாராம். "சூப்பர் சார்" என்றேன். டீச்சர் சொல்லச் சொன்னதைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

காலையில் கூப்பிட வேண்டும். யார் சொன்னதாகச் சொல்வது?