கூரைமேல் நின்று பிடித்த பாட்டு

மார்ச் 2, ஞாயிறு

கேபிள் கம்பெனி ஆள் வந்தான். இனிமேல் டிவியில் வருவதைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அவர்கள் பெட்டியைத்தான் மாத வாடகைக்கு எடுக்க வேண்டுமாம். "என் வீட்டுல, என் டிவிக்கு, நான் எதுக்குய்யா வாடகை குடுக்கணும்?" ஒரே கேள்விதான். ஆடிப்போய்விட்டான். செருப்பு மாட்டும்போது கால் நடுங்கியதை நானே பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவன். எத்தனை மேனேஜர்களை மேலே தூக்கி விட்டிருக்கிறேன்!

மார்ச் 5

இந்த மாதம் பழைய நிகழ்ச்சிகளை மறுபடி போடுகிறார்களாம். 23-ம் தேதி நாலு மணிக்கு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் சேர்ந்து பாடியது. "ஏங்க, எங்க பாட்டு" என்றாள் வீட்டுக்காரி. அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன் அது வந்தபோது கேசட்டில் பிடித்து வைத்தவன் நான்தான். தெருவிலேயே முதல் வி.சி.ஆர். நம்முடையது. (இரண்டாவது என்பான் எதிர்வீட்டுத் தையல்காரன். பொறாமை.) முன்வரிசையில் இவள். பின்வரிசையில் இவள் தங்கை, சின்னவள். ஞாயிறானால் இரண்டு பேரும் அதைப் போட்டு, தங்களையே கேலி செய்து உருளுவார்கள். "அக்கா, உன் வாயப் பாரு, கொட்டாவி விடுற மாதிரி!" சிரிக்கிற சிரிப்பில் பாட்டே காதில் விழாது. என்ன ஞாயிறுகள்!

பிறகு ஒரு காய்ச்சல் வந்து சின்னவள் போய்விட்டாள். அவள் நடமாடி, வாய் திறந்து இருந்தது அந்த ஒரு கேசட்டில்தான். அவள் போவதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்தப் பாட்டின்மேல் நான் ஒரு கால்பந்து மேட்சைப் பதிவு செய்திருந்தேன். அவசரத்துக்கு வேறு கேசட் இல்லை. மெஷின் நாடாவைத் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. உப்புக்குறைச்சலுக்கெல்லாம் திட்டுகிறவள், அதற்கு மட்டும் திட்டவில்லை.

மார்ச் 8

டிவி கடைக்காரர் சொன்னார்: "வாடகையே வேணாம் ஐயா. கூரையில ஒரு ஆன்டெனா, டிவி பக்கத்துல ஒரு ட்யூனர் பெட்டி, அதுல சொருகிப் பதிவு பண்ண ஒரு ஹார்ட் டிஸ்க். மூணும் உங்களுது." இதை நான் இருபது வருஷம் முன்பே யோசித்தவன் என்றேன். அசந்துவிட்டார்.

கூரையேறினேன். நான் மேலே திருப்ப, அவள் ஜன்னலில் நின்று கத்த...

"வந்துதா?"

"தலை வந்துது, கால் வரல!"

"இப்ப?"

"ஐயோ, இருந்ததும் போச்சு! திரும்பவும் பழையபடி வைங்க!"

"பழையபடின்னா எப்படிடி?"

"எனக்கென்ன தெரியும், நானா திருப்பினேன்?"

அந்தக் காலத்தில் திரையில் புள்ளி மழை பெய்யும். இப்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அவள் குரல் மட்டும் அன்று போலவே நாலு தெருவுக்குக் கேட்கிறது.

என் அக்கா மகன் போனில் சொன்னான்: "மாமா, ஒரே ஒரு மாசம் வாடகைக்கு எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. வயசான காலத்துல எதுக்குக் கூரை ஏறுறீங்க?"

போடா. வாடகைப் பெட்டியை அவர்கள் எடுத்துப்போனால் உள்ளே இருக்கிற சின்னவளும் கூடவே போவாள். இன்னொரு தடவை என் கையால் அது நடக்காது.

மார்ச் 12

முந்தாநாள் வானிலைச் செய்தியைச் சோதனைக்கு நானே பொத்தானை அழுத்திப் பதிவு செய்தேன், இன்று போட்டுப் பார்த்தேன். நேற்று பெய்த மழையை இன்று முன்கூட்டியே சொன்னேன். ஒரு துளி தப்பவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தலையில் இடி. ஒரு தொடரைப் பதிவு செய்து பார்த்தால் முதல் பத்து நிமிஷம் ஏதோ சோப்பு விளம்பரமும் செய்தியும், கடைசிப் பத்து நிமிஷம் காணோம். டிவி நிலையத்தைத் திட்டினேன். கடைக்காரரைத் திட்டினேன். அவள் வந்து ட்யூனரின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இதையும் பத்து நிமிஷம் முன்னால வச்சிருக்கீங்களா?"

பின்னே? டூட்டிக்கு லேட்டாகக் கூடாதென்று இந்த வீட்டில் எல்லாக் கடிகாரமும் பத்து நிமிஷம் வேகம்தான், கல்யாணமான நாளிலிருந்து. மெஷின் தானாகவே நேரம் பிடித்து வைத்திருந்தது. நான்தான் வீட்டு வழக்கப்படி திருத்தினேன். அது பாவம், பத்து நிமிஷம் முன்னால் எழுந்து, பத்து நிமிஷம் முன்னால் படுத்துவிட்டது.

"மெஷின்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ட்யூனரின் நேரத்தைச் சரியாக வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் காற்று கிளம்பியது. ஆன்டெனாக் கம்பம் பேய் பிடித்த மாதிரி ஆடியது. படம் சுக்குநூறு. கயிறு தேட நேரமில்லை. ஏறிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அப்படியே இருங்க! அசையாதீங்க!"

அசையவில்லை. மூக்கு அரித்தது, விட்டுவிட்டேன். ஜன்னல் வழியாக மெல்லிசாகப் பாட்டு வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவள் இறங்கச் சொல்லவே இல்லை. நானாக இறங்கி வந்தேன். டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"டிஸ்க்குல விழுந்திருக்கா?"

"முழுசா விழுந்திருக்கு."

மார்ச் 24

இன்று இருவரும் பார்த்தோம். பின்வரிசையில், இடமிருந்து மூன்றாவது. அவள் படத்தை அங்கேயே நிறுத்தினாள். சின்னவள் அக்கா முதுகைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லிவிட்டேன். மெஷின் தின்னவில்லை, நான்தான், மேட்ச்...

"தெரியும்."

"எப்படி?"

"நீங்க டூட்டிக்குப் போனப்புறம் போட்டுப் பாத்தேன். மேட்ச் முழுசும் பாத்தேன். முடிஞ்சப்புறம் வால்ல கொஞ்சமாவது பாட்டு மிச்சம் இருக்குமான்னு." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு கோல்கூட விழல, அந்த தரித்திரம் புடிச்ச மேட்ச்ல."

பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். விளக்கு வைக்கும் நேரம்வரை திட்டினாள். முப்பது வருஷத்துப் பாக்கி. நடுவில் காபி போட்டு எனக்கும் கொடுத்துவிட்டுத் திட்டினாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுபடி போட்டுப் பார்த்தாள். அவள் வாய் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். தலையணை பறந்து வந்தது.

அப்புறம் போனில் அக்கா மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள்: "வாடகைப் பெட்டியா? உங்க மாமா புடிச்சதுடா இது. அன்னிக்குப் புயல். மூணு மணி நேரம் கூரையில நின்னாரு. பக்கத்துல மரமே சாஞ்சிடுச்சு!"

அரை மணி நேரம்தான். பக்கத்தில் மரமே கிடையாது.

நான் திருத்தவில்லை.