ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன்

இராஜபாளையம்
12.01.2025

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க மடவார் வளாகத்து வைத்தியநாதரை வேண்டிக்கொண்டேன். போன் போட்டால் இரண்டே நிமிடத்தில், "அண்ணே, லேப்ல செல்லுக்கு ஆகாரம் மாத்த நேரமாச்சு, வச்சிர்றேன்" என்பாய். அதனால்தான் கடுதாசி.

உன் மதினி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் பெரும்பாடு. தறிச் சத்தமும் இல்லை, பேச ஆளும் இல்லை.

தீபாவளிக்கு வராமல் நீ எழுதிய கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். ரத்தக்குழாய்ச் சுவரில் தசை செல்கள் இருக்கின்றன, ஸ்டென்ட் வைத்த இடத்தில் அவை முதிராமல் பெருகிக்கொண்டே போனால் குழாய் மறுபடி அடைக்கும், மரமஞ்சளில் உள்ள ஒரு சத்து அதை அடக்கி முதிர வைக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் ஆடியில் மதுரையில் ஸ்டென்ட் வைத்ததுதானே? ஸ்ரீவில்லிபுத்தூர் நாட்டுமருந்துக் கடையில் மரமஞ்சள் வாங்கித் தினமும் கஷாயம் குடிக்கிறேன். "எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு?" என்றார் கடைக்காரர். "எந் தங்கச்சி கண்டுபிடிச்சதுல்லா" என்றேன்.

பேண்டேஜ் துணித் தறியில் பழுது வந்தால், ஃபிட்டர்களாகிய நாங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைக்க மாட்டோம். ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்போம். இல்லாவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. அதனால் கஷாயம் மட்டும் இருக்கட்டும் என்று டாக்டர் கொடுத்த மாத்திரைகளை இருபது நாளாக நிறுத்திவிட்டேன். நாடியை எண்ணி நோட்டில் எழுதி வைக்கிறேன். உன் ஆராய்ச்சிக்கு உதவும்.

அண்ணன்
விஜயபாண்டி


ஹைதராபாத்
22.01.2025

அண்ணே,

கடிதம் முந்தாநாள் வந்தது. போன் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காசிராஜன் அண்ணனைப் பிடித்ததால் அன்றே உங்களை மதுரைக்குக் கொண்டுபோனார். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டத் தொடங்கியிருந்ததாம். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

உங்களுக்குப் பைத்தியமா? நான் பார்ப்பது கண்ணாடித் தட்டில் வளரும் செல்களை. அங்கே ரத்தமும் ஓடவில்லை, இதயமும் இல்லை. அளந்து துளித்துளியாக விடுவது சுத்தப்படுத்திய பொருள், கஷாயம் இல்லை. மாத்திரை ரத்தம் கட்டாமல் இருக்க. அது வேறு, இது வேறு. தீபாவளிக் கடிதத்திலேயே இதை எழுதாதது என் தப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதம் எழுதும்போது நீங்கள் ஸ்டென்ட் வைத்தவர் என்பதே எனக்கு நினைவில் இல்லை. அதை எண்ணி ஆய்வகத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பத்து நாள் லீவு போட்டு வாரேன்.

செல்வலட்சுமி


இராஜபாளையம்
30.01.2025

அன்புள்ள செல்விக்கு,

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். காசிராஜன் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். நீ போன் போட்டபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

கேட்டிருக்கக் கூடாதா என்கிறாய். கேட்டால் வேண்டாம் என்பாய், எனக்குத் தெரியும். நான் அம்புட்டு முட்டாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் அந்தச் செல்களுக்கு ஆகாரம் மாற்றுகிறாய். முதிர்ந்ததா, பெருகியதா என்று இரண்டு நாளைக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறாய். நானும் அந்தத் தட்டில் ஒன்றாக இருந்தால் என்னையும் பார்ப்பாய் என்று நினைத்தேன். ஐம்பது வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீ வரவேண்டாம் செல்வி. கோபத்தில் சொல்லவில்லை. மதினி காரியத்துக்கு வந்து பத்து நாள் இருந்தாய். உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஒரு மாதம் கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்தேன். மிச்சச் சோற்றைத் தினமும் எடுத்துக் கொட்டினேன். அதை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

கடிதம் மட்டும் போடு. செல்களைப் பற்றியே எழுதினாலும் போதும்.

உன் அண்ணன்
விஜயபாண்டி